தேதிக் கணக்கும் வணிகரும்: 2000-ஆம் ஆண்டுக் கோளாறு சொன்ன பாடம்



நம் தொழிலில் பாதி சரக்கு என்றால் மீதி தேதி. சரக்கு வந்த தேதி, பில் போட்ட தேதி, தவணைத் தேதி, காசோலைத் தேதி, பாக்கெட்டில் அச்சடித்த காலாவதித் தேதி, வரி கட்டக் கடைசித் தேதி என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை தேதியோடுதான் புழங்குகிறோம். அந்தத் தேதியையே உலகத்துக் கம்ப்யூட்டர்கள் பலவும் அரைகுறையாக எழுதி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 'ஒய்-டூ-கே' என்று 1998, 1999 ஆண்டுகளில் பத்திரிகைகள் விடாமல் எழுதின. இளைய வணிகர்கள் பலர் பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. மூத்தவர்களைக் கேட்டால், "அதெல்லாம் புரளி, ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள்.

புரளி அல்ல. நாம் அதில் 38,600 ரூபாய் விட்டவர்கள். அதைவிடப் பெரிய தவறு, இரண்டு பேர் முன்கூட்டியே வந்து சொல்லியும் காது கொடுக்காமல் இருந்தது. அந்தக் கோளாறு எப்படி வந்தது, யாருக்கு முதலில் தெரிந்தது, அதிலிருந்து கடைக்காரர் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

ஓட்டை அட்டையில் பிறந்த வினை

ஆரணிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நம் ஊர்ப் பட்டுத் தறிகளின் மேல் ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகளைச் சரமாகக் கோர்த்து அதில் மாட்டியிருப்பார்கள். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய பாவு இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். இப்படித்தான் பார்டரும் புட்டாவும் விழுகின்றன. இம்முறையை 1804 வாக்கில் பிரான்சு நாட்டின் பட்டு நகரமான லியோனில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் உருவாக்கினார்.

அதே ஓட்டை அட்டையைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் ஹோலரித் என்ற அமெரிக்கர். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகை அவருடைய அட்டைகளைக் கொண்டுதான் எண்ணப்பட்டது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். ஆயிற்று. 1928-இல் ஐ.பி.எம். 80 கட்டம் கொண்ட அட்டையை வெளியிட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகத்துக் கணக்கெல்லாம் அந்த 80 கட்டத்துக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது.

வியாபாரியாக யோசித்துப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண், வாங்கிய தொகை, கட்டிய தொகை, தேதி எல்லாம் 80 கட்டத்தில் எழுத வேண்டும். 15-08-1965 என்ற தேதிக்கு 8 கட்டம் வேண்டும். அதாவது அட்டையில் பத்தில் ஒரு பங்கு தேதிக்கே போய்விடும். 15-08-65 என்று எழுதினால் 6 கட்டம் போதும். '19' என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அதை விட்டுவிட்டார்கள்.

பிறகு மெயின்ஃபிரேம் எனப்படும், அறையை அடைத்து நிற்கும் பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. வங்கி, இன்ஷூரன்ஸ், விமானக் கம்பெனி, அரசாங்க இலாகா எல்லாம் அவற்றை வாங்கின. ஆனால் அவற்றின் நினைவகமோ மிகச் சிறியது, விலையோ மிக அதிகம். 1959-இல் வந்த ஐ.பி.எம். 1401 என்ற பெயர்பெற்ற கம்ப்யூட்டரில் அதிகபட்சம் 16,000 எழுத்துகளுக்குத்தான் இடம். இந்தப் பத்திரிகையின் சில பக்கங்களே அதை நிரப்பிவிடும். ஆகவே இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்தவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், தாமும் அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதியவர் என்றும், '19'-ஐ விட்டு இடம் மிச்சப்படுத்தியதில் பெருமைப்பட்டவர் என்றும் 1998-இல் அந்நாட்டு செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

00 என்றால் எந்த ஆண்டு?

கோளாறு இருக்கும் இடம் சாதாரணக் கழித்தல் கணக்கு. 1965-இல் பிறந்தவருக்கு 1985-இல் வயது என்ன? 85-இல் 65 போனால் 20. சரி. 2000-இல்? 00-இல் 65 போனால் கழித்தல் 65. பல புரோகிராம்களில் கழித்தல் குறிக்கு இடமே ஒதுக்கவில்லை. ஆகவே விடை வெறும் 65 என்று நிற்கும். முப்பத்தைந்து வயதுக்காரர் அறுபத்தைந்து வயதுக்காரர் ஆகிவிடுவார்.

நம் கணக்கில் பாருங்கள். 1999 நவம்பரில் போட்ட பில்லுக்கு 2000 ஜனவரியில் பணம் வந்தால், ஆண்டுக் கணக்கு 00 கழித்தல் 99. குறி போய்விட்டால் 99 ஆண்டு வட்டி. அதே போலத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் 99-க்குப் பின்னால் வர வேண்டிய 00, எல்லாவற்றுக்கும் முன்னால் போய் உட்காரும். புதிய சரக்கு பழைய சரக்காகும், பழையது புதியதாகும்.

இதோடு லீப் ஆண்டுக் குழப்பமும் சேர்ந்தது. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்பது பொது விதி. நூறால் வகுபட்டால் அல்ல, ஆனால் நானூறால் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டு. ஆகவே 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது, 2000-க்கு உண்டு. 00-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் இதிலும் தவறும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. நம் தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. முடிந்ததும் மறுபடி பிரபவ. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரத்தில் "விரோதி வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அது 1890-ஆ, 1950-ஆ, 2010-ஆ என்று கேள்வி வரும். விவரம் தெரிந்த பத்திர எழுத்தர்கள் அதனால்தான் சாலிவாகன சகாப்த ஆண்டையோ இங்கிலீஷ் ஆண்டையோ பக்கத்தில் சேர்த்து எழுதினார்கள். நம் முன்னோருக்கு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வந்த குழப்பம், கம்ப்யூட்டருக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வந்தது. முன்னோர் பக்கத்தில் இன்னொரு ஆண்டை எழுதிச் சமாளித்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் எழுதாமல் விட்டார்கள்.

முதலில் கண்டவர்கள்

2000-க்கு நாற்பது ஆண்டு முன்பே இதைக் கண்டவர் உண்டு. பாப் பீமர் என்ற அமெரிக்கப் புரோகிராமர் 1950-களின் இறுதியில் ஒரு கிறிஸ்தவ சபைக்காக வம்சாவளிப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்தார். பாட்டன், முப்பாட்டன் என்று பல நூற்றாண்டுப் பெயர்கள் வரும் இடத்தில் இரண்டு இலக்கம் எப்படிப் போதும்? ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுத வேண்டும் என்று அப்போது முதல் சொல்லி வந்தார். 1971-இல் கட்டுரையாகவும் எழுதினார். கேட்டவர் குறைவு. "2000 வருவதற்குள் இந்தப் புரோகிராமையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்பதே பலருடைய நினைப்பு. தூக்கிப் போடவில்லை. ஓடுகிற புரோகிராமின் மேல் இன்னொன்றை எழுதி, அதன் மேல் மற்றொன்றை எழுதி, பழைய வீட்டின் மேல் மாடி கட்டுவது போலக் கட்டிக்கொண்டே போனார்கள்.

அறிகுறிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1992-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வினோனா என்ற ஊரில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு, பாலர் பள்ளியில் சேர வரும்படி அழைப்பு வந்தது. பிறந்த ஆண்டு '88' என்று இருந்ததால் கம்ப்யூட்டர் அவரை நான்கு வயதுக் குழந்தை என்று எடுத்துக்கொண்டது. ஊரே சிரித்தது. 1993 செப்டம்பரில் பீட்டர் டி ஜாகர் என்ற கனடா நாட்டுக்காரர் 'கம்ப்யூட்டர்வேர்ல்டு' என்ற பத்திரிகையில் 2000-ஆம் ஆண்டைப் பற்றி எச்சரித்து எழுதினார். அதன் பிறகுதான் பெரிய கம்பெனி முதலாளிகள் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோளாறு 2000-இல் வந்தது என்கிறோம். ஆனால் முன்தேதி போடும் தொழில்களில் அது வெகு முன்னாலேயே தலைகாட்டியது. முப்பது ஆண்டுத் தவணைக்கு வீட்டுக் கடன் கொடுப்பவருக்கு 2000 என்பது 1970-லேயே வந்துவிடும். ஐந்தாண்டு செல்லுபடியாகும் கார்டு கொடுப்பவருக்கு 1995-இல் வந்துவிடும். மூன்று மாதக் கடனில் சரக்குக் கொடுக்கும் நமக்கு 1999 அக்டோபரில் வந்துவிடும்.

எதிர்வீட்டுப் பையன் சொன்னது

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் முளைத்திருந்தது. கோபால் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். அமெரிக்காவில் அந்த மொழி தெரிந்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றிருந்தார்கள். கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தேதி எங்கே இருக்கிறது என்று தேடித் திருத்த ஆள் போதவில்லை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற நம் நாட்டுக் கம்பெனிகள் அந்த வேலையை எடுத்தன. டி.சி.எஸ். அதற்கென்று தொழிற்சாலை போலவே ஒரு முறையை வகுத்தது. ஒருவர் தேட, ஒருவர் திருத்த, ஒருவர் சோதிக்க என்று வேலை நகரும். அமெரிக்க அரசும் 1999, 2000 ஆண்டுகளுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்ப விசாக்களின் வரம்பை 65,000-இலிருந்து 1,15,000 ஆக உயர்த்தியது.

நம் எதிர்வீட்டுப் பட்டு நெசவாளர் மகன் அப்படிச் சென்னையில் படித்து வேலைக்குப் போனவர். 1998 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "அப்பா தறியில ஒரு அட்டை தப்பாப் போச்சுன்னா ஒரு புட்டா கெடும், அது கண்ணுக்குத் தெரியும்ண்ணே. இங்க எந்த அட்டையில தப்பு இருக்குன்னே தெரியாது. எழுதினவரு செத்தே போயிருப்பாரு" என்றார்.

அவர் சொன்ன அறிகுறிகளில் மூன்று நம் புத்திக்கு எட்டின.

முதலாவது, காந்த நாடாக்கள். மெயின்ஃபிரேமில் பழைய கணக்குகளைக் காந்த நாடாவில் பதிந்து, இதை எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம் என்று குறித்து வைப்பார்கள். என்றைக்கும் அழிக்கக் கூடாத நாடாவுக்கு '99365' என்று போடுவது வழக்கம். 99-ஆம் ஆண்டின் 365-ஆம் நாள் என்று அர்த்தம். அந்த நாள் வரவே வராது என்ற நினைப்பு. அது 1999 டிசம்பர் 31 என்று வந்து நின்றது. அழிக்கவே கூடாதவை எல்லாம் அன்றோடு அழிக்கத் தக்கவை ஆகிவிடும்.

இரண்டாவது, மூல எழுத்து காணாமல் போவது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதை எழுதிய மூலப் பிரதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பத்திரம் தொலைந்த வீட்டில் குடியிருப்பது போல.

மூன்றாவது, ஒட்டுப்போடுவது. நான்கு இலக்கமாக மாற்ற நேரமும் பணமும் இல்லாத இடங்களில், "00 முதல் 49 வரை வந்தால் 2000 என்று எடுத்துக்கொள், 50 முதல் 99 வரை வந்தால் 1900 என்று எடுத்துக்கொள்" என்று ஒரு விதியை எழுதிவிடுவார்கள். "இது வைத்தியம் இல்லண்ணே, வாய்தா" என்றார் அந்தப் பையன். போகும்போது, "உங்க கடை கம்ப்யூட்டரையும் ஒருதரம் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "இருபது மூட்டை சீரகம் விற்கிற கடைக்கு அமெரிக்காக்காரன் வியாதி வருமா?" என்று நாம் சிரித்தோம்.

கடை கல்லாவில் வந்த அறிகுறி

அமெரிக்காக்காரன் வியாதி அங்கேயும் காய்கறிக் கடையில்தான் முதலில் நீதிமன்றம் ஏறியது. டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் வாரன் என்ற ஊரில் 'புரொட்யூஸ் பேலஸ்' என்று ஒரு காய்கறி, பழக் கடை. 1995-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கொடுத்துப் புதிய கல்லா இயந்திரங்கள் வாங்கினார்கள். '00' என்று காலாவதி ஆண்டு போட்ட கார்டை யாராவது ஒருவர் தேய்த்தால் போதும், கடையிலுள்ள கல்லாக்கள் எல்லாம் ஸ்தம்பித்து நிற்கும். கூடையோடு வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் பொறுப்பார்? கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். பழுது பார்க்க ஆள் வந்தார், போனார், மறுபடி வந்தார். கடைசியில் 1997-இல் வழக்குப் போட்டார்கள். இயந்திரம் விற்ற தரப்பு 1998-இல் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 2000-ஆம் ஆண்டுக் கோளாறுக்காக அமெரிக்காவில் போடப்பட்ட முதல் வழக்கு அதுதான் என்பார்கள்.

இங்கிலாந்திலும் ஒன்று நடந்தது. 1999 டிசம்பர் 28 அன்று கடைகளில் இருந்த சுமார் 10,000 கார்டு இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. அவை நான்கு நாள் முன்தேதியைப் பார்த்துக் கணக்குச் செய்பவை. நான்கு நாள் தள்ளினால் 2000 வந்துவிட்டது. ஜனவரி 1 பிறந்ததும் தாமாகவே சரியாகிவிட்டன. புத்தாண்டு வியாபாரத்தின் உச்சத்தில் அந்தக் கடைக்காரர்கள் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

நமது கடையில் நடந்தது

இப்போது நமது கதைக்கு வருகிறோம். ஆரணியில் நமக்கு மளிகை மொத்த வியாபாரம். போளூர், சேத்துப்பட்டு, கண்ணமங்கலம், தேவிகாபுரம் பக்கத்துக் கிராமக் கடைகளுக்கு 90 நாள் வரை கடனில் சரக்குப் போகும். 1996-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஃபாக்ஸ்புரோவில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதி வாங்கினோம். சனிக்கிழமை தோறும் அடுத்த பதினைந்து நாளில் தவணை வரும் பாக்கிகளைப் பட்டியல் எடுப்போம். திங்கட்கிழமை வசூல்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவார். அது வந்த பிறகு வசூலுக்காகப் பேரேட்டைப் புரட்டுவதையே விட்டுவிட்டோம்.

1999 அக்டோபரில் நம் கணக்குப்பிள்ளை வந்து நின்றார். அப்பா காலத்திலிருந்து இருப்பவர். கம்ப்யூட்டரில் தட்டத் தெரியாது. ஆனால் பேரேட்டுக் கூட்டுத்தொகையையும் கம்ப்யூட்டர் கூட்டுத்தொகையையும் மாதம் ஒருமுறை ஒத்துப் பார்ப்பார். "மொதலாளி, ஜனவரியில வர வேண்டிய பாக்கியெல்லாம் மெஷின்ல முதல் பக்கத்துல, ரொம்பப் பழைய பாக்கியோட போய் நிக்குதுங்க. என்னான்னு தெரிலீங்க" என்றார். நாம் தீபாவளிச் சரக்கு இறக்கும் அவசரத்தில் இருந்தோம். "மெஷின் தப்புப் பண்ணாது, நீங்க உங்க பேரேட்டைச் சரியாப் போடுங்க" என்று லாரிக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டோம். அவர் வேறு பேச்சுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நடந்தது என்னவென்றால், தவணைத் தேதியின் ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டினால் அந்தப் புரோகிராம் தானாக '19'-ஐ முன்னால் போட்டுக்கொள்ளும். 2000 ஜனவரி 10 என்று நாம் நினைத்துத் தட்டியதை அது 1900 ஜனவரி 10 என்று எழுதிக்கொண்டது. டிசம்பர் கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் எடுத்த பட்டியலில் ஜனவரித் தவணை ஒன்றுகூட இல்லை. வசூல்காரர் அந்த வழியே போகவில்லை. ஜனவரியில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி 4-1-80 என்று காட்டியது. அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இப்படி 1980-க்குப் போகும் கோளாறு இருந்தது. பொங்கல் வியாபாரத்தைக் கையால் எழுதிச் சமாளித்தோம். பொங்கல் கழிந்து பேரேட்டைப் புரட்டியபோதுதான் விட்டுப்போன பாக்கிகள் தெரிந்தன. மற்றக் கடைக்காரர்கள் நாணயமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கடை மட்டும் டிசம்பர் கடைசியிலேயே பூட்டிக்கிடந்தது. அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். வழக்கம்போல் தவணைக்கு இரண்டு வாரம் முன்னால் ஆள் போயிருந்தால் நிலைமை தெரிந்திருக்கும், இருந்த சரக்கையாவது எடுத்திருக்கலாம். 38,600 ரூபாய் போயிற்று.

புரோகிராம் எழுதியவரை நாம் குறை சொல்லவில்லை. உலகமே எழுதியபடி அவரும் எழுதினார். குறை நம்முடையது. கணக்குப்பிள்ளை பிறகு ஒருநாளும் "அப்பவே சொன்னேனே" என்று சொன்னதில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. லாரிக்காரர் முன்னால் சொன்ன அந்த வார்த்தைக்கு அவரிடம் வருத்தம் தெரிவிக்காமலே விட்டுவிட்டோம்.

ஒன்றும் நடக்கவில்லையா?

2000 ஜனவரி 1 அன்று பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. சில்லறைத் தவறுகள் நடந்தன. அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையத்தின் இணையப் பக்கம் ஆண்டை 19100 என்று காட்டியது. நியூயார்க் மாநிலத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை ஒன்றில், நூறு ஆண்டு தாமதம் என்று ஒருவருக்கு 91,250 டாலர் அபராதம் கணக்கு வந்தது. கடைக்காரர் சிரித்துத் தள்ளுபடி செய்தார்.

உலகம் முழுவதும் இந்தத் திருத்த வேலைக்கு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. இவ்வளவு செலவும் வீண் என்றவர்கள் உண்டு. தாமதமாக, குறைவாகச் செலவழித்த இத்தாலி போன்ற நாடுகளிலும் பெரிய நஷ்டம் வரவில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பயத்தில் தேவைக்கு மேல் செலவழித்தவர்களும், பயம் காட்டிச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் குடோனில் மருந்து வைத்து மூடிய பிறகு வண்டு வரவில்லை என்றால், மருந்துச் செலவு வீண் என்று எந்த அரிசி வியாபாரியும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரை அதிகம் நம்பிய வங்கியும் இன்ஷூரன்சும் வரிவரியாகத் திருத்தியதால்தான் அன்று ஒன்றும் நடக்கவில்லை. திருத்தாத நம் போன்ற சின்னக் கடைகளில் நடந்தது, ஆனால் அதைப் பத்திரிகையில் யார் எழுதுவார்கள்?

இனி வருவது

வாய்தா என்று அந்தப் பையன் சொன்னது சரியாயிற்று. 2010 பிறந்த அன்று ஜெர்மனியில் சுமார் மூன்று கோடி வங்கிக் கார்டுகள் ஆண்டைப் புரிந்துகொள்ளாமல் தகராறு செய்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு வங்கியின் கடை இயந்திரங்கள் 2010-ஐ 2016 என்று எடுத்துக்கொண்டு, நல்ல கார்டுகளைக் காலாவதி என்று தள்ளின. 2020 ஜனவரி 1-இல் நியூயார்க் நகர வாகன நிறுத்தக் கட்டண இயந்திரங்கள் கார்டு வாங்க மறுத்தன. 2024 பிப்ரவரி 29-இல் நியூசிலாந்தில் தானியங்கிப் பெட்ரோல் பம்புகள் பல மணி நேரம் கார்டு எடுக்கவில்லை. லீப் நாளை அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த பெரிய நாள் 2038 ஜனவரி 19. பல கம்ப்யூட்டர்கள் தேதியை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணி வைக்கின்றன. பழைய 32 பிட் முறையில் 214,74,83,647 விநாடி வரைதான் எண்ண முடியும். இந்திய நேரம் அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை நிரம்பும். அடுத்த விநாடியில் 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய 64 பிட் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒருமுறை மாட்டிவிட்டு மறந்துபோகும் சின்னக் கருவிகளில் பழைய முறை இன்னும் இருக்கலாம்.

2038-க்கு நாள் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். இன்று 15 ஆண்டுத் தவணையில் குடோன் கட்டக் கடன் வாங்குபவருக்கு அந்த நாள் கணக்கில் இப்போதே வந்துவிட்டது.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. எங்கும் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். 2020-இல் '1-1-20' என்று எழுதிய புரோநோட்டில் பின்னால் இரண்டு இலக்கம் சேர்த்தால் 2017 ஆகிவிடும், மூன்றாண்டுக் காலாவதியும் வந்துவிடும். இன்றைய காசோலையில் தேதிக்கு எட்டுக் கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். அதையே பில், வவுச்சர், ரசீது எல்லாவற்றுக்கும் வழக்கமாக்குங்கள்.

2. பில் புத்தகத்தில் ஆண்டின் பாதியை அச்சடிக்காதீர்கள். '199' என்று அச்சடித்த பில் புத்தகங்களை 2000-இல் கட்டுக்கட்டாக அடித்து எழுதியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

3. கணக்கு மென்பொருள் விற்பவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஆண்டை எத்தனை இலக்கத்தில் சேமிக்கிறது? 2038-க்குப் பிறகும் ஓடுமா? எழுதியவர் போய்விட்டால் யார் திருத்துவார்?

4. உங்கள் கணக்கின் நகல் ஒன்றில் மட்டும் சோதனை செய்யுங்கள். 29-2-2028 தேதிக்கு ஒரு பில், 2040-இல் ஒரு தவணை போட்டுப் பாருங்கள். பாக்கிப் பட்டியலும் வட்டியும் ஒழுங்காக வருகின்றனவா பாருங்கள். அசல் கணக்கில் கை வைக்க வேண்டாம்.

5. தேதி காட்டும் கருவிகளைப் பட்டியல் எடுங்கள். லேபிள் அச்சடிக்கும் தராசு, கேமரா பதிவுப் பெட்டி, விரல் ரேகை வருகைப் பதிவு இயந்திரம், பழைய பில் இயந்திரம் ஆகியவை எந்த ஆண்டு வாங்கியவை என்று குறித்து வையுங்கள். இனி வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்.

6. தினமும் கணக்கை நகல் எடுங்கள். மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியல் முழுவதையும் காகிதத்தில் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

7. கல்லாவில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். கம்ப்யூட்டரில் விநோதமாக எது தெரிந்தாலும், பில் போடும் பெண்ணோ கணக்கு எழுதுபவரோ தேதியோடு அதில் எழுதட்டும். வாரம் ஒருமுறை முதலாளி தாமே படிக்க வேண்டும். மினசோட்டா மூதாட்டிக்கு வந்த கடிதம் முதல் நம் பட்டியலின் முதல் பக்கம் வரை, கோளாறு முதலில் தெரிந்தது கீழே வேலை செய்பவர்களின் கண்ணுக்குத்தான்.

இந்தச் சனிக்கிழமை பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது கூட்டுத்தொகையைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும், எவ்வளவு அவசரம் இருந்தாலும், கணக்கு எழுதுபவரை உட்கார வைத்து என்ன என்று கேளுங்கள். லாரி பத்து நிமிடம் நிற்கட்டும்.